சுகர் இருக்கிறவங்க வீட்டில் பிரஷர் மெஷின் எதுக்கு? ஒரு சின்ன வரலாறு

1/
கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து எங்க ஓபிக்கு ஒரு அம்மா வருவார். பத்து வருஷமா சுகர். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை. மாசாமாசம் பார்க்கும்போது பிரஷர் 130/80-ஐ ஒட்டியே இருக்கும். "நல்லாருக்கும்மா"ன்னு நானும் அனுப்பிடுவேன்.

2/
ஒரு தடவை யூரின் டெஸ்டில் புரதம் கசிவது தெரிந்தது. ஒரு வாரம் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதிட்டு வாங்கன்னு சொன்னேன். காலை ரீடிங் எல்லாமே 150-க்கு மேல்!

அவர் மாத்திரை போடுவது காலை ஏழு மணிக்கு. ஓபியில் நாங்க பார்ப்பது பத்து மணிக்கு, மாத்திரை நல்லா வேலை செய்யும் நேரம். மறுநாள் விடியும்போது அதன் வேகம் குறைஞ்சிருக்கு. அந்த நேரத்து பிரஷரை யாருமே பார்த்ததில்லை.

3/
பிரஷரை வீட்டில் அளக்கணும்னு புரிய உலகத்துக்கு ரொம்ப காலம் ஆச்சு.

இங்கிலாந்து பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, மேலே நீண்ட கண்ணாடிக் குழாயை மாட்டினார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியது. இதை 1733-ல் வெளியிட்டார். மனுஷங்களுக்கு இப்படிப் பார்க்க முடியுமா?

4/
1896-ல் இத்தாலியின் ரிவா-ரோச்சி, கையில் சுற்றும் பட்டையோடு பாதரசக் கருவி செய்தார். நாடி நிற்கும் இடத்தை வைத்து மேல் எண் மட்டும் கிடைத்தது. 1905-ல் ரஷ்ய ராணுவ மருத்துவர் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு இரண்டு எண்ணையும் சொன்னார்.

5/
அளக்கத் தெரிந்ததே தவிர, குறைக்க நல்ல மருந்து இல்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தார். அன்னைக்கு அவர் பிரஷர் 300/190.

6/
சுகர்காரங்களுக்கு முக்கியமான வருஷம் 1998. சுகரும் பிரஷரும் சேர்ந்திருந்த 1,148 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஒரு குழுவின் சராசரி பிரஷர் 154/87, இன்னொன்றின் சராசரி 144/82. வித்தியாசம் மேல் எண்ணில் வெறும் 10 தான். ஆனா பிரஷர் குறைவா இருந்த குழுவில் பக்கவாதம் 44%, சுகர் தொடர்பான மரணம் 32% குறைவு.

7/
அந்த 10 நம்ம கண்ணில் பட வேண்டாமா? ஜப்பானில் ஒஹாசமா என்ற கிராமப்புற ஊரில், 1980-களின் கடைசியிலிருந்து மக்கள் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வந்தாங்க. பரிசோதனையின்போது எடுத்த ரீடிங்கைவிட, வீட்டு ரீடிங்தான் உயிராபத்தை நல்லா முன்கூட்டிச் சொன்னது. இந்த முடிவும் 1998-ல் தான் வந்தது.

8/
நம்ம ஊரில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மெஷின் வாங்க வசதி இல்லையா? வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அளக்கும்போது, அந்த எண்ணை தேதி, நேரத்தோட எழுதி வாங்கிக்கோங்க.

9/
மெஷின் இருந்தா இப்படிப் பாருங்க:
• மணிக்கட்டு மெஷின் வேண்டாம், மேல்கையில் சுற்றும் மெஷின் வாங்குங்க
• காலையில் யூரின் போய்விட்டு, டீக்கும் மாத்திரைக்கும் முன்னாடி. சாயங்காலம் ஒரு முறை
• முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிஷம் பேசாம உட்காருங்க
• சட்டைக்கு மேல் பட்டை சுற்றாதீங்க. கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும்
• ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு ரீடிங். 7 நாள் எழுதுங்க

10/
பொதுவா 130/80-க்குக் கீழே இருக்கணும். சுகர் நரம்புகளைப் பாதித்தா, எழுந்து நிற்கும்போது பிரஷர் சரியும். தலை சுற்றினா நின்றும் அளந்து பாருங்க; மேல் எண் 20 இறங்கினா டாக்டரிடம் சொல்லுங்க. நீங்களா மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலியோ கை கால் மரத்தலோ பேச்சுக் குழறலோ இருந்தா உடனே 108.

11/
அந்த அம்மாவுக்கு மாத்திரையை மாற்றினோம். இப்போ காலை ரீடிங்கும் 130-க்குள் வந்தாச்சு. ஓபிக்கு வந்ததும் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அவர் நோட்டைத்தான். நீங்களும் ஒரு நோட்டு போடுங்க.