இடக்கை இழந்த கருவி

துளையிட்ட அட்டைகளின் வாயிலாகவே பெரும்பாலும் கணிப்பொறிக்குக் கட்டளையிட்டுவந்த காலத்தில், திரையில் தோன்றும் சொல்லைச் சுட்டிக்காட்டச் சிறந்த கருவி யாது என்று ஆராய்ந்தவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவர்தம் குழுவினர் ஒளிப்பேனாவையும் ஜாய்ஸ்டிக்கையும், மேசைக்கடியில் முழங்காலால் அசைக்கும் கருவியொன்றையுங்கூடச் சோதித்தனர். முழங்காலா என நகைக்க வேண்டா. பழகாதவர்கள் மவுசைவிட அதனால் விரைந்து சுட்டினர்! பழகியவர் கையிலோ மவுசே வென்றது. 1964ஆம் ஆண்டில் பில் இங்கிலீஷ் செய்துதந்த அம்முதல் மவுஸ், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சக்கரங்கள் பொருத்திய சிறு மரப்பெட்டியே.

1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ 1000 பேர் முன்னிலையில் எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். அப்போது அவருடைய இடக்கைக்கு ஐந்து விசைகளே கொண்ட பலகையொன்று இருந்தது. விசைகளைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் 31 குறிகள் பிறக்கும். ஆங்கில எழுத்துகள் அனைத்தும் அவற்றுள் அடங்கும். வலக்கை சுட்ட, இடக்கை எழுதும். கண் திரையைவிட்டு அகலாது. ஆனால் அக்குறிகளை உழைத்துப் பயில வேண்டும். மூன்று சக்கர வண்டி ஏறியவுடன் ஓடும், மிதிவண்டியைப் பழக வேண்டும். அதற்காக மிதிவண்டியை விடுவோமா என்பது அவர் வாதம். 1984இல் வெளிவந்த மக்கின்டாஷ் மவுசை ஏற்றது. ஐவிசைப் பலகைக்கு அதில் இடமில்லை.