வானியலும் நம் மாணவரும்



உன்னிச்சைக் குளத்தை அடுத்த வயல்வெளியில் நிலவில்லாத இரவில் நிமிர்ந்து நோக்குவோர்க்கு வானம் தெளிவாகவே தோன்றும். ஆயின், அவ்வயலோரத்துப் பள்ளியிற் படிக்கும் பிள்ளை வானியலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பின், அதற்கு வழி யாது? விடை காண இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். தானியேல் பூவர் என்பார் அதன் தலைவர். அங்கே தமிழ் இளைஞர்க்குக் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றி அராலிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் கணக்கும் பூவரின் கணக்கும் மாறுபட, வானமே நடுவராயிற்று. பூவரின் கணக்கே பொருந்திற்று. அவ்வெற்றியிலே சமயவாதமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். முன்னவர் பழந்தமிழ் நூற் பதிப்பிலே புகழ் நாட்டினார். பின்னவர் பீஜகணிதத்தைத் தமிழில் எழுதினார். இருவரும் வானியலாளர் ஆகவில்லை. அறிவிற் குறையுண்டோ? இல்லை. கற்றவனைச் சம்பளம் தந்து தொலைநோக்கியின் முன் இருத்துவதற்கு யாழ்ப்பாணத்தில் ஓரிடம் இல்லை. அவ்வளவே.

சென்னையில் அத்தகைய இடம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தின் கருங்கற்றூணிலே தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டது. தூணிலே தமிழ் ஏறிற்று. கண்டுபிடிப்புக்கு உரியவராக அந்நாட்டவர் ஒருவர் பெயர் ஏறுவதற்கு மேலும் 75 ஆண்டுகள் சென்றன.

அவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே அவ்வாய்வகத்திற் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். பட்டம் அவர்க்கு இல்லை. இரவுதோறும் தொடும் கருவி இருந்தது. 1867ஆம் ஆண்டிலே ரெட்டிக்குலம் என்னும் தென்வான் மீன்தொகுதியில் ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே பதிவாயிற்று. ஐரோப்பிய வானாய்வகங்களிலிருந்து அது தென்படாது. சென்னையிலோ அடிவானத்தை ஒட்டித் தோன்றும். மறுவருடத்து முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்தியில் ஒரு குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இந்தியருள் அவரே முதல்வர் என்பர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பண்டிதரும் சித்தாந்தியும் உரையாடும் முறையில் நூலெழுதித் தமிழ் முதலிய மொழிகளில் வெளியிட்டார். தாம் பெற்றதைத் தம்மவர்க்கும் பகிர நினைத்த உள்ளம் அது. 1880இல் மறைந்தார்.

இனி நம் மாவட்டம். வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தரப்படுத்தலின் கசப்பை நம்மவர் இன்னும் மறக்கவில்லை. ஆயினும், இன்றைய அனுமதி முறையிலே பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. ஆனால் அவ்வொதுக்கீடு பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிடுகின்றது. பட்டம் பெற்றபின் ஆய்வுக்குப் புகும் இளைஞனுக்கோ யுவதிக்கோ அத்தகைய கைகொடுப்பு இல்லை. யப்பான் நாடு வழங்கிய 45 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி, ஆதர் சி. கிளார்க் நிலையத்தினரால் மொறட்டுவையில் 1996இல் நிறுவப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து அவ்விடம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மாதத்திற் சில இரவுகளேனும் அக்கருவியின் முன்னே அமர இம்மாவட்டத்து மாணவர்க்கு இடமும், பயணச் செலவும், தங்குமிடமும், நோக்கியவற்றைத் தம் பெயரால் வெளியிடும் உரிமையும் அளிக்கப்படல் வேண்டும். வட்டுக்கோட்டை மாணவர்க்குக் கிடையாததும் ரகுநாதாச்சாரியார்க்குக் கிடைத்ததும் அவையே.