களிம்பில் பிறந்த சிகிச்சை

மூக்கோரத்திலோ கண்ணிமையிலோ தோல் புற்று வந்தால் மருத்துவருக்கு இரு பக்கமும் சிக்கல். கூடுதலாக வெட்டினால் முகம் சிதையும். குறைத்தால் புற்று திரும்ப வரும். எவ்வளவு வெட்டுவது என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வெட்டும் முறைதான் மோஸ் அறுவை சிகிச்சை.

1930-களில் பிரெடெரிக் மோஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். விலங்கியல் பேராசிரியர் மைக்கேல் கையரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் புற்றுக்கட்டிகளுக்குள் பலவித ரசாயனங்களைச் செலுத்திப் பார்த்தார். துத்தநாக குளோரைடு ஏறிய இடத்தில் திசு செத்திருந்தது. ஆனால் செல்களின் அமைப்பு துளியும் கலையவில்லை. அப்படியானால் அதை வெட்டியெடுத்துப் புற்று எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கலாமே!

துத்தநாக குளோரைடோடு ஆன்டிமனித் தாதுப்பொடியும் பிளட்ரூட் செடியின் கிழங்குப்பொடியும் சேர்த்துக் களிம்பாக்கினார். 1936-இல் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. களிம்பைப் பூசி, ஒரு நாள் விட்டு, ஒரு படலம் மட்டும் வெட்டுவார். அதற்கு வரைபடம் போட்டு, அடிப்பக்கம் முழுவதையும் தானே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். புற்று மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி களிம்பு. 1941-இல் இதை 'கீமோசர்ஜரி' என்ற பெயரில் வெளியிட்டார்.

பலன் இருந்தது, கூடவே வலியும் பல நாள் காத்திருப்பும் இருந்தன. 1953-இல் கண்ணிமைப் புற்று ஒன்றுக்கான சிகிச்சையைப் படம்பிடித்தார்கள். வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று, மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அடுத்த படலங்களைக் களிம்பில்லாமலே வெட்டினார் மோஸ். உறையவைத்த திசுவிலேயே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. 1974-இல் தியோடர் ட்ரோமோவிச், சாமுவேல் ஸ்டெக்மன் ஆகிய மருத்துவர்கள் வெளியிட்ட முடிவுகள், களிம்பே தேவையில்லை என்பதை உறுதி செய்தன. நாள் கணக்கில் இழுத்த சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்தது.

வழக்கமான பரிசோதனையில், வெட்டிய துண்டின் சில குறுக்குச் சீவல்களைத்தான் பார்ப்பார்கள்; ஓரத்தில் பெரும்பகுதி பார்வைக்கே வராது. மோஸ் முறையில் ஓரமும் அடியும் முழுதாகப் பார்க்கப்படுகின்றன. முதல்முறை வந்த பேசல் செல் வகைத் தோல் புற்றில் ஐந்தாண்டு குணவிகிதம் சுமார் 99 சதவீதம். களிம்பு போய்விட்டது. வெட்டியவரே முழு விளிம்பையும் பார்க்கவேண்டும் என்ற மோஸின் விதி நிலைத்துவிட்டது. இந்தச் சிகிச்சையின் உயிர் அதுதான்.