பாயும் இலையும் பாடமும்

வித்தை கற்கும் பொருட்டுத் தாய்வீட்டை விட்டு முதன்முறையாகப் புறப்படும் பிள்ளையைக் குறித்துத் தாயின் மனத்தில் எழுகின்ற கவலைகள் எக்காலத்திலும் மூன்றுதான்: எங்கே படுப்பான், என்ன சாப்பிடுவான், யாரிடம் எதைக் கற்பான். புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகமான புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ, லாசுப்பேட்டைக் கல்லூரிகளிலோ சேர்வதற்கென்று ஆண்டுதோறும் பெட்டியும் கையுமாக வந்து இறங்கும் இளைஞர்கள் விடுதி, உணவு, பாடத் தேர்வு என்று கேட்டுத் திரிவதும் இவற்றைத்தான். இம்மூன்றுக்கும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு தனக்குரிய ஒரு விடையைக் கண்டு, சிறுவர் நாடகக் குழுவாகிய பாய்ஸ் கம்பெனி என்ற பெயரில் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தியும் காட்டியது. அந்த விடைக்கு உருவம் கொடுத்தவர்களில் தலைமையானவராகிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காலாப்பட்டுக்குப் போகிறவர்கள் அவ்வூரைக் கடந்தே போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இச்செய்தி சொல்லப்படுவதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

சுவாமிகள் 1867 செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைக் கேட்டார். சில காலம் கணக்கராக வேலை பார்த்தபின், 24ஆம் வயதில் நாடக உலகில் பிரவேசித்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் என்று கண்டோர் அஞ்சும் வேஷங்களைத் தாங்கியவர், பிற்பாடு வேஷத்தைத் துறந்து, துறவுக் கோலம் பூண்டு, ஆசிரியராகவே வாழ்நாளைக் கழித்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று சொந்தக் குழு ஒன்றையும் நடத்தினார். அக்காலத்து வயதுவந்த நடிகர்களிடம் கட்டுப்பாடு மிகக் குறைவு. ஒருவர் ஓர் ஊரிலும் மற்றொருவர் வேறோர் ஊரிலும் இருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து, ஒருவரையொருவர் மடக்கும் போட்டியிலேயே கதையைக் கைவிட்டுவிடுவதும், குடித்துவிட்டு மேடை ஏறுவதும் சாதாரணமாக இருந்தன. இந்த அலங்கோலத்தைக் கண்டு மனம் நொந்தவர்களே, சிறு பிள்ளைகளைச் சேர்த்து, ஒரே கூரையின் கீழ் வைத்துப் பழக்கினாலன்றி நாடகம் உருப்படாது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஜெகந்நாத ஐயரின் பாலர் சபையில் ஆசிரியராக இருந்த சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடு முழுவதும் புகழ்பெற்ற பிள்ளைகள் அந்த ஆண்டிலேயே அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

கம்பெனி ஓர் ஊருக்குப் போனால் நாடகக் கொட்டகைக்கு அடுத்தபடியாகத் தேடப்படுவது கம்பெனி வீடு. பிள்ளைகள் அனைவரும் படுக்கக் கூடம், பாட்டுப் பயிற்சிக்கு ஒரு பக்கம், சமையலுக்கும் பந்திக்கும் இடம், குளிக்கக் கிணறு, இவ்வளவும் ஒரே வளைவுக்குள் அமைய வேண்டும். வீடு கிடைத்தாலும் கிணறு சரியில்லை என்றால் ஐம்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் அங்கே ஒரு வாரம் தரிக்க முடியாது. பிள்ளைக்குச் சொந்தம் என்று ஒரு பெட்டியும் ஒரு பாயும் இருக்கும். பெட்டி வைக்கும் இடமும் பாய் விரிக்கும் இடமும் நிலையானவை. நான்கு மாதத்துக்கொரு தரம் ஊர் மாறினாலும் பக்கத்துப் பாய்க்காரன் மாறுவதில்லை என்பது அந்த வயதில் சிறிய ஆறுதல் ஆகாது. வாத்தியாரும் அதே வீட்டில்தான் இருப்பார். பாடம் எத்தனை மணிக்கு முடிகிறது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போனதற்கு இந்தச் சகவாசமே காரணம். நள்ளிரவில் ஒரு விருத்தத்தின் பொருள் விளங்கவில்லை என்றாலும் எழுப்பிக் கேட்கும் தூரத்தில் ஆசிரியர் இருந்தார்.

ஆகார விஷயத்தை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் கம்பெனி என்ற ஸ்தாபனத்தின் உயிர்நாடி அதன் அடுக்களையில்தான் இருந்தது. பெற்றோருடன் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் சாப்பாடு போகச் சம்பளம் இவ்வளவு என்று குறிக்கப்படும். சம்பளம் சொற்பம், சாப்பாடோ மெய்யான ஊதியம். வறுமையின் காரணமாகவே பல தாய்மார் பிள்ளைகளைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள் என்பதும், எம். ஜி. ஆரும் அவர் தமையனார் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததும் அப்படித்தான் என்பதும் யாவரும் அறிந்தவை. நாடகம் இரவு தொடங்கி விடியற்காலம் வரை நீளும் தொழிலாதலால், உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் ஊராருக்கு நேர்மாறாக அமைந்தன. அதற்கென்றே பந்திக்கு ஒரு நேரம் வகுத்து, அதைத் தவறவிடாமல் காப்பது கம்பெனியின் முதல் விதியாயிற்று. மழை பிடித்துக்கொண்டால் வசூல் இல்லை. வசூல் இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கடன். கறிவகை குறையும், மோர் நீர்க்கும். ஆயினும் பந்தி நிற்கக் கூடாது என்பதைத் தம் மானமாகக் கருதிய முதலாளிகள் இருந்தார்கள். அத்தகையவர்களிடத்தில்தான் பிள்ளைகள் நிலைத்தார்கள். குரலை நம்பி வாழும் பிள்ளைகளாதலால் பழையதும் புளிப்பும் குளிர்ந்த பண்டங்களும் விலக்கப்பட்டன. மிளகும் சுக்கும் தாராளமாகச் சேர்ந்தன. உடம்பு வேறு, படிப்பு வேறு என்று எண்ணாத காலம் அது.

பாடத்துக்கும் ஒரு கிரமம் இருந்தது. வந்தவுடன் யாரும் கதாநாயக வேஷமாகிய ராஜபார்ட் கட்டுவதில்லை. முதலில் காது, பெரியவர்கள் பாடுவதைக் கேட்டுச் சுருதியில் நிற்கப் பழக வேண்டும். அப்புறம் கூட்டத்தில் ஒருவனாக நின்று பாடுதல். பின்பு பிரகலாதன், லோகிதாசன் போன்ற பாலபார்ட். குரலும் முகமும் இடங்கொடுத்தால் ஸ்திரீபார்ட். அதையெல்லாம் கடந்தபின்தான் ராஜபார்ட்டோ, திருடன் வேஷமாகிய கள்ளபார்ட்டோ. சுவாமிகளின் வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் சத்தியவான் சாவித்திரியையும் மனப்பாடம் செய்கிற பிள்ளை, வெண்பாவும் விருத்தமும் கலித்துறையும் சந்தமும் இன்னவென்று தனியே இலக்கணம் படியாமலே அறிந்துகொள்வான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் தாய் தந்தையற்றவன் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்த சிறுவன் கணேசன், சீதையாக நடித்து, சூர்ப்பணகையாகி, இந்திரஜித்தாகி, ஒரே இராமாயணத்துக்குள் பல மனிதரின் நெஞ்சையும் கற்றுக்கொண்டது இந்தக் கிரமத்தின் பயன். பின்னாளில் சிவாஜி கணேசன் என்று புகழ்பெற்ற அவருக்குப் புதுச்சேரியில் சிலை எழுந்த இடமும் கருவடிக்குப்பத்துச் சாலைச் சந்திப்பாக அமைந்தது பொருத்தமானதே.

கிரமம் என்பது யாவருக்கும் ஒரே சட்டை தைப்பதாகவும் ஆகிவிடவில்லை. சிறுவன் சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அவன் நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியந்து பேசும் செய்தி. மாணவனை அறிந்து பாடத்தை அமைக்கும் ஆசிரியனுக்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தத்தை நான் அறியேன்.

குறைகளை மறைப்பதும் நியாயமன்று. அடி உதை இல்லாத கம்பெனி அரிது. பள்ளிப் படிப்பு அடியோடு அற்றுப்போயிற்று. வீட்டை நினைத்து அழும் பிள்ளைக்கு ஒப்பந்தக் காலம் முடியுமட்டும் விடுதலை இல்லை. எல்லாவற்றிலும் கொடியது மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைந்ததும், நேற்றுவரை கொட்டகை நிறையக் கைதட்டல் வாங்கிய பிள்ளை இன்று ஒன்றுக்கும் உதவாதவனாக நிற்பான். பி. யு. சின்னப்பாவைப் போலத் தேகப்பயிற்சியிலும் வேறு வித்தைகளிலும் மனத்தைச் செலுத்தி மீண்டெழுந்தவர் சிலரே. ஒரே வித்தையில் முழு வாழ்வையும் பந்தயம் வைக்கும் கல்விக்கு உள்ளடங்கிய அபாயம் இது. பெண் பிள்ளைகளுக்கோ அந்த வீட்டில் இடமே கிடையாது.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கைகால் விழுந்தது, பேச்சும் அடைபட்டது. மனைவி மக்கள் இல்லாத துறவிக்கு அப்போது துணையாக நின்றது அவர் பிள்ளைகளுக்கென்று கட்டிய அதே கம்பெனி வீடுதான். சபை ஊர் ஊராகப் போகும்போது அவரும் உடன் போனார். அவர் பாயும் அதே கூடத்தில் விரிந்தது. பாடம் சொல்ல முடியாத ஆசிரியரின் முன்னே பிள்ளைகள் பாடினார்கள். சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13ஆம் நாள் அவர் காலமானார்; உடல் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சித்தானந்த சுவாமிகள் ஆலயமும், 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் நாடிச்சென்ற மாந்தோப்பும் உள்ள அதே ஊர். ஆண்டுதோறும் சுவாமிகளின் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி அவருக்கு அஞ்சலி செய்கிறார்கள்.

1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஏற்படும் வரையில் இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. புதிய பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே சூட்டி, நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதியை அதன் முதல் இயக்குநராக அமர்த்தியது. கம்பெனி வீட்டில் இடம் பெறாத பெண்களுக்குக் காலாப்பட்டில் கங்கை, யமுனை என்ற பெயர்களில் விடுதிகள் இருக்கின்றன. மகிழ வேண்டிய மாற்றம் இது.

புதிதாக வரும் மாணவர்களுக்கு இந்தச் சரித்திரத்தை வைத்துக்கொண்டு சில சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். விடுதியில் இடம் கிடைத்தால், அறை சிறிது என்று தள்ளாமல் முதல் ஆண்டு அங்கேயே தங்குக. ஆசிரியரும் மூத்த மாணவரும் நூலகமும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது பெரிய அறையினும் பெரிது. லாசுப்பேட்டைக் கல்லூரியில் படித்துக் கருவடிக்குப்பத்தில் வாடகைக்கு அறை பிடிப்போர், முன்பணம் கொடுப்பதற்கு முன் தண்ணீர் எப்போது வருகிறது என்று விசாரிக்க வேண்டும். தனியே தங்காமல் இருவர் மூவராகச் சேர வேண்டும். அவர்களில் ஒருவராவது ஓராண்டு மூத்தவராக இருத்தல் நலம். காலை உணவை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடும் பழக்கம் முதல் மாதத்தில் தொற்றினால் மூன்று ஆண்டும் விடாது. விடுதிச் சாப்பாடு நாவுக்குப் பிடிக்கவில்லை என்று நாள்தோறும் கடைவீதியை நாடுகிறவர், மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் கேட்டு எழுத நேரும்; உணவுக் குழுவில் சேர்ந்து குறையை எடுத்துச் சொல்லித் திருத்துவதே முறை.

பாடத் தேர்வில், காலாப்பட்டில் முதுகலை படிப்போருக்குத் துறையின் கட்டாயப் பாடங்களோடு விருப்பப் பாடங்களும் உண்டு. பிற துறைகள் நடத்துவனவற்றையும் எடுக்கலாம். முதல் பருவத்தில் அடிப்படையானவற்றை அதிகமாகவும் விருப்பமானவற்றைக் குறைவாகவும் வைத்துக்கொண்டு, மேலே போகப்போக இந்த விகிதத்தை மாற்றுவது நல்லது. மகரக்கட்டில் அகப்பட்ட பிள்ளைகளின் கதி நேராமல் இருக்க, தம் துறைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு பாடத்தையாவது ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும்; கணிதம் படிப்பவர் நாடகம் பற்றிய ஒரு பாடத்தை எடுத்தால் நான் மிகவும் மகிழ்வேன். நண்பன் எடுத்தான் என்பதற்காகப் பெயர் கொடுக்காமல், பதிவு முடியும் முன்பே அந்த ஆசிரியரை நேரில் கண்டு, வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை வாங்குவார், எந்த நூல்களைப் படிக்கச் சொல்வார் என்று பணிவோடு கேட்டு வர வேண்டும்.