எண்ணும் செயலும்: மாற்றுத்திறன் சான்றில் மருத்துவர் எழுதாமல் விடுவது

மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பிப்பவர் எதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஒரே பிரிவில் இரு வேறு விடைகளைத் தருகிறது. நீண்டகாலக் குறைபாடு, சூழலிலுள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் பிறருக்கு நிகராகச் சமூகத்தில் பங்கேற்பதைத் தடுக்குமானால் அவர் மாற்றுத்திறனாளி என்பது ஒரு வரையறை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அப்படியே தொடரும் 40 சதவீத எல்லை மற்றொன்று. நடைமுறையில் வென்றது இரண்டாவதுதான். அதனால், மருத்துவர்கள் உடலுறுப்பை மட்டுமே பார்க்கிறார்கள், மனிதர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை என்ற குறை பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தக் குறை பாதிதான் சரி. மதிப்பிடும் மருத்துவர் செயலைப் பார்க்கிறார். அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார். சான்று எழுதும்போதுதான் அது காணாமல் போகிறது. உதவித்தொகைக் கோரிக்கைக்கு உண்மையில் தேவைப்படும் ஆதாரம் காணாமல் போகும் அந்தப் பகுதியே என்பதும், அதை மீட்க ஒரு தாள் போதும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்களே இதற்குச் சான்று. கையின் குறைபாட்டை அளக்கும் பகுதியில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பவற்றோடு, ஒருங்கிணைந்த செயல்கள் என்று பத்துச் செயல்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. தலைக்கு மேலிருக்கும் பொருளை எடுத்துத் திரும்ப வைத்தல், கையால் சாப்பிடுதல், தலைவாரிப் பின்னுதல், சட்டை போடுதல், பொத்தான் மாட்டுதல், வேட்டி கட்டுதல், எழுதுதல் போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம், மொத்தம் 90. காலுக்கும் இப்படியே: சமதளத்தில் நடப்பது, படியேறுவது, குந்துவது, சம்மணமிட்டு உட்காருவது முதலிய ஒன்பது செயல்களுக்குத் தலா 10. மனநோய்க்குப் பயன்படும் ஐடியாஸ் என்ற அளவுகோல் இன்னும் வெளிப்படையானது. தன்னைத் தானே கவனித்துக்கொள்ளல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை ஆகிய நான்கு களங்களிலும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் இட வேண்டும். அதற்கு நோயாளியிடமும் அவரைக் கவனித்துக்கொள்பவரிடமும் விசாரிக்க வேண்டும். இந்திய வீட்டின் தரையையும் உடையையும் சாப்பாட்டையும் இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துவைத்திருக்கும் மருத்துவ ஆவணங்கள் அரிது.

இனி 2017 விதிகளோடு வந்த சான்றிதழ்ப் படிவத்தைப் பார்க்கலாம். குறைபாட்டின் வகை, நோயின் பெயர், உடலின் எந்தப் பகுதி, எத்தனை சதவீதம் என்று எண்ணிலும் எழுத்திலும், எந்த வழிகாட்டுதலின்படி, இருப்பிடத்துக்குக் காட்டிய ஆவணம் எது: கோடிட்ட இடங்கள் இவ்வளவே. வேட்டி கட்ட முடியுமா என்று பார்த்த மருத்துவருக்கு, முடியாது என்று எழுத இதில் இடமில்லை. விண்ணப்பதாரர் எங்கே குடியிருக்கிறார் என்பதற்கு ஆவணம் குறிக்கப்படுகிறது; அவருக்கு என்ன செய்ய முடியவில்லை என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

இதனால் என்ன இழப்பு? முதலாவதாக, எண் தன் காரணத்தை மறைத்துவிடுகிறது. ஒரு கண் முழுதாகப் பார்வையிழந்து மறுகண் நன்றாக இருப்பவருக்கு வழிகாட்டுதல் தருவது 30 சதவீதம். அவருக்கே கையில் 12 சதவீதக் குறைபாடும் இருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் 42. ஆனால் விதி கூட்டச் சொல்லவில்லை; 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துப் பெரிய எண்ணோடு சேர்க்கச் சொல்கிறது. விடை 38, எல்லைக்கு வெளியே. இந்த வாய்பாட்டுக்குக் காரணம் உண்டு. எத்தனை குறைபாடுகள் சேர்ந்தாலும் மொத்தம் நூறைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கண்ணால் தூரத்தைக் கணிக்கச் சிரமப்படுபவருக்குக் கையும் தடுமாறினால் எந்திர வேலை எப்படி இருக்கும் என்பதை 38 சொல்லாது. இரண்டாவதாக, ஒரே எண் பல வாசல்களுக்குச் சாவியாகிறது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும்; ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திய பராமரிப்பு உதவித்தொகையின் நோக்கமோ, அன்றாடம் இன்னொருவர் துணை தேவைப்படுவோரைத் தாங்குவது. துணை எதற்கு, எத்தனை நேரம் என்பதற்கு எண்ணில் விடை கிடையாது.

உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியை இருமுறை தொட்டிருக்கிறது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நோயுள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், சொல்வதை எழுதுபவரின் உதவியை 40 சதவீத எல்லையை எட்டியோருக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மறுபக்கத்தைச் சொன்னது: சதவீதம் கூடுதலாக இருப்பதாலேயே மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கக் கூடாது, குறைபாடு படிப்புக்குத் தடையாகுமா ஆகாதா என்பதை மதிப்பீட்டுக் குழு எழுத்தில் பதிய வேண்டும். எண் குறைவானவருக்கும் கூடியவருக்கும் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் ஒன்றே. சேர்க்கைக்குப் பொருந்தும் இந்தத் தர்க்கம் உதவித்தொகைக்குப் பொருந்தாமல் போகக் காரணமில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். விளக்கம் எழுதவிட்டால் மருத்துவரின் இரக்கம் நுழைந்துவிடும் என்பது ஒன்று. இந்தச் சிக்கலை அமெரிக்கா நீண்டகாலம் சந்தித்திருக்கிறது. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 1991 விதிகள், மற்ற ஆதாரங்களோடு முரண்படாதவரை, சிகிச்சை அளித்துவரும் மருத்துவரின் கருத்துக்கே தீர்மானிக்கும் எடை தந்தன. 2017 மார்ச் 27 முதல் பதிவாகும் விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. ஆனால் அவருடைய வாய் அடைக்கப்படவில்லை. சொல்வது எந்தப் பரிசோதனையில் நிற்கிறது, மற்றப் பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டு கேள்விகளே முதன்மையாயின. ‘இவரால் வேலை செய்ய முடியாது’ என்ற தீர்ப்புக் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. எவ்வளவு நேரம் நிற்பார், எவ்வளவு எடை தூக்குவார் என்ற குறிப்புக்கு உண்டு. சார்புக்கு மருந்து காரணம் கேட்பதே என்பதை இது காட்டுகிறது.

எண் மட்டும் இருப்பதே மோசடியைத் தடுக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. 2024இல் குடிமைப் பணிப் பயிற்சி அலுவலர் ஒருவரின் சான்றைப் பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பின் இந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் தனி எண்ணைச் சரிபார்க்க வழியில்லை. 45 என்று எழுதப்பட்டிருந்தால், 59ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டை விசாரிப்பவர் எதை மறுபடி சோதிப்பார்? ‘பொத்தான் மாட்ட இயலவில்லை, எழுத இயலுகிறது’ என்றிருந்தால் பார்த்தே சொல்லிவிடலாம். பொய் சொல்ல நினைப்பவருக்கும் ஓர் எண்ணைவிடப் பத்து வரிகளைக் காப்பாற்றுவது கடினம்.

மூன்றாவது, நேரம். சான்று வழங்கும் முகாம் நாளில் வரிசை வாசல்வரை நிற்கும்போது எந்த மருத்துவர் கட்டுரை எழுதுவார் என்ற கேள்வி நியாயமானது. சான்று தரும் கெடுவை 2024 திருத்தம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக்கியதும் இந்தச் சுமையைக் காட்டுகிறது. எனினும் இங்கே கேட்கப்படுவது கட்டுரை அல்ல. பத்துச் செயல்களையும் பார்த்து ஒன்பது ஒன்பதாகக் கூட்டிய கணக்கு ஏற்கெனவே ஒரு தாளில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தச் சதவீதமே எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். அந்தத் தாளைச் சான்றின் பின்னிணைப்பாக்கி, சிகிச்சை மருத்துவரின் பதிவுகளில் பார்க்கப்பட்டவற்றையும் அதில் குறித்தால் போதும். எழுத நேரமில்லை என்று அந்தத் தாளை மறுப்பவர், அளக்க நேரமிருந்ததா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.