கோடைப் பயணமும் மொழிக்கல்வியும்: பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர் இருவரும் ஜப்பானிய வட்டார வழக்குகளும்

முன்னுரை

அயல்மொழி ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் கோடை விடுமுறையில் அம்மொழி வழங்கும் நாட்டுக்குச் சென்று வருவது இன்று கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை அவ்வாறு இல்லை. ஐரோப்பாவில் கீழைமொழிகளைக் கற்றோருள் பெரும்பாலோர் நூல்மொழியையே கற்றனர். பேச்சு வழக்கு அவர்களுக்கு ஆய்வுப்பொருளாகத் தோன்றவில்லை. ஜப்பானிய மொழியைப் பொறுத்தவரை இப்போக்கை மாற்றியதில், பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1910களில் பயின்ற ஒரு சிறு குழுவினருக்குப் பெரும்பங்கு உண்டு. அக்குழுவினருள் யெவ்கேனி பொலிவானவ் (1891–1938), நிகலாய் நெவ்ஸ்கி (1892–1937) ஆகிய இருவரின் கோடைப் பயணங்களை இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. அப்பயணங்கள் மொழியியலுக்குத் தந்தவற்றையும் பயணம் செய்தோருக்குத் தந்தவற்றையும் தனித்தனியே பேச இயலாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கரையொதுங்கியோர் கற்பித்த மொழி

ரஷ்யாவில் ஜப்பானிய மொழிக்கல்வி புயலில் தொடங்கியது எனலாம். கம்சாத்கா கரையில் ஒதுங்கிய ஒசாக்கா வணிகர் தெம்பெய் என்பவர் 1702இல் பேரரசர் முதலாம் பீட்டரின் முன் கொண்டுவரப்பட்டார். அவரைக் கொண்டு ரஷ்ய இளைஞர் சிலருக்கு ஜப்பானிய மொழியைக் கற்பிக்க அரசு ஆணையிட்டது. பின்னர் வந்தவருள் கோன்சா என்னும் சிறுவர் குறிப்பிடத்தக்கவர். தென்கோடிச் சத்சுமா நாட்டுக் கப்பலில் வந்து கரையொதுங்கிய அவர், 1736 முதல் அறிவியற் கழகத்தின் பள்ளியில் கற்பித்தார். ஏறத்தாழ 12,000 சொற்கள் கொண்ட ஸ்லாவிய–ஜப்பானிய அகராதி ஒன்றை உருவாக்கிய அவர், 1739இல் தமது இருபத்தொன்றாம் அகவையில் இறந்தார்.

அவ்வகராதியில் உள்ளது சத்சுமா வழக்கு. தலைநகர் ஏதோவில் அம்மொழி பேசினால் புரிந்துகொள்வோர் அரியர். ஆசிரியர் எந்தக் கரையைச் சேர்ந்தவரோ அந்தக் கரையின் பேச்சே ரஷ்ய மாணவருக்கு ‘ஜப்பானிய மொழி’ ஆயிற்று. அன்று குறையாக இருந்த இது பின்னாளில் பேறாக மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சத்சுமாப் பேச்சினை ரஷ்ய எழுத்தில் காட்டும் அவ்வகராதி, ஜப்பானிய வட்டார வழக்காய்வில் இன்று அரிய சான்றாகப் போற்றப்படுகிறது.

கீழைமொழிப் புலம் 1855இல் நிறுவப்பட்டது. 1870இல் தச்சிபானா கோசாய் அங்கு ஜப்பானியம் கற்பிக்கத் தொடங்கினார். 1888 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் குரோனோ யோஷிபூமி கற்பித்தார். 1904–05 போரில் ஜப்பானிடம் தோற்ற பின்னரே அம்மொழியின் இன்றியமையாமையை ரஷ்யா உணர்ந்தது. தோல்விக்குப் பிறகு பகைவரின் மொழியைக் கற்க முற்படுவது அரசுகளின் இயல்பு. ஆனால் வகுப்புக்கு வந்த இளைஞர்களின் ஆர்வம் அரசின் ஆர்வத்தோடு முற்றும் பொருந்தியதாகத் தெரியவில்லை. செர்கேய் யெலிசேயெவ் பெர்லினில் தொடங்கி, 1908இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1912இல் ஜப்பானிய மாணவரோடு மாணவராகப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் இலக்கியப் புலத்தில் அவ்வாறு பயின்று தேறிய முதல் மேலைநாட்டவர் அவரே. ஓட்டோ ரோசன்பெர்க் பௌத்த மெய்யியலையும் நிகலாய் கோன்ராட் செவ்விலக்கியத்தையும் நாடிச் சென்றனர். பொலிவானவும் நெவ்ஸ்கியும் ஊர்ப்புறத்துப் பேச்சை நாடினர்.

பொலிவானவ்: மீனவர் சிற்றூரில்

பொதுவென் த கூர்தனேயின் மாணவராகிய பொலிவானவ் 1912இல் பட்டம் பெற்றவர். 1914 கோடையில் அவர் ஜப்பானுக்குச் சென்றபோது தலைநகரில் தங்கிவிடவில்லை. நாகசாகிக்கு அருகிலுள்ள மியே என்னும் மீனவர் சிற்றூரைத் தேர்ந்துகொண்டார். (இப்பெயருடைய மாநிலம் வேறு, ஜப்பானிய இடப்பெயர்களில் இக்குழப்பம் அடிக்கடி நேர்வது.) அடுத்த ஆண்டுக் கோடையிலும் ஜப்பான் சென்றார். இப்பயணங்களில் கியோத்தோ, தோசா, டோக்கியோ வழக்குகளையும் அவர் நேரில் கேட்டுப் பதிவுசெய்தார்.

அவர் தேடியது சொல்லின் இசையேற்றத்தை. ஜப்பானிய மொழியில் சொல்லழுத்தம் என்பது ஒலியின் வலிமையால் அன்று, சுருதியின் உயர்வு தாழ்வால் அமைவது. ‘ஹஷி’ என்னும் சொல்லை டோக்கியோவில் முதலசை உயர்த்திச் சொன்னால் உணவு உண்ணும் குச்சி. இரண்டாம் அசை உயர்ந்தால் பாலம். கியோத்தோவிலோ இது தலைகீழ்: முதலசை உயர்ந்தது பாலம், இரண்டாவது உயர்ந்தது குச்சி. எழுத்தில் மட்டும் மொழியைக் கற்றவருக்கு இவ்வேறுபாடு தெரிய வழியே இல்லை. ஏனெனில் ஜப்பானிய அசையெழுத்து சுருதியைக் குறிப்பதில்லை. கியோத்தோ, தோசா ஆகிய மேற்கத்திய வழக்குகள் ஓரினம் என்பதையும், டோக்கியோவின் அமைப்பு அவற்றோடு ஒழுங்குமுறையாக வேறுபடுகிறது என்பதையும் பொலிவானவ் கண்டார். நாகசாகிப் பகுதியில், சொல் எத்தனை அசை நீண்டாலும், இரண்டே சுருதி வாய்பாடுகள் உண்டு என்று இன்று மொழியியலார் வகுப்பர். ஆகவே மியேயைத் தேர்ந்தது மிக நல்ல தேர்வு. ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று அமைப்புகளை ஒருவரே செவியால் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு அவருக்கு அதனால் கிட்டியது.

அவர் 1917இல் வகுத்த ரஷ்ய ஒலிபெயர்ப்பு முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஆங்கில வழியாக நாம் ‘சுஷி’ என எழுதுவதை ரஷ்யர் ‘சுசி’ என்றே எழுதுவர். இகரத்தின் முன் சகரம் இயல்பாகவே திரிவதால் அதற்குத் தனிக் குறி வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஓரெழுத்து இடத்துக்கேற்ப வேறொலி பெறுவது தமிழ் நெடுங்கணக்குக்குப் பழகியதாதலின், இக்கொள்கை தமிழ் வாசகருக்குப் புதுமையாகத் தோன்றாது.

ஜப்பானிய மொழி தெற்குத் தீவு மொழிகளின் கூறும் கண்டத்து மொழிகளின் கூறும் கலந்து உருவானது என்னும் கருதுகோளையும் பொலிவானவ் முன்வைத்தார். தமிழுலகு நன்கறிந்த சுசுமு ஓனோ (1919–2008), 1957இல் வெளியிட்ட ‘ஜப்பானிய மொழியின் தோற்றம்’ என்னும் நூலில் இதனையொத்த இருபடிவக் கொள்கையையே கொண்டிருந்தார். தமிழோடு தொடர்புபடுத்தும் கருத்துக்கு அவர் வந்தது பின்னரே. ஒப்பியல் மொழியியலாளருள் பெரும்பாலோர் ஓனோவின் தமிழ்த்தொடர்புக் கொள்கையை ஏற்கவில்லை. அவ்விவாதம் இங்குத் தேவையில்லை. எனினும், இன்றைய டோக்கியோ வடிவத்தை அப்படியே எடுத்துத் தமிழ்ச்சொல்லோடு நிறுத்திப் பார்க்கும் எளிய பட்டியல்கள் எவ்வளவு வலுவற்றவை என்பதை, அடுத்து வரும் நெவ்ஸ்கியின் சான்றுகள் காட்டும்.

நெவ்ஸ்கி: மியாகோ தீவுக் கோடைகள்

யரஸ்லாவலில் பிறந்து இளமையிலேயே பெற்றோரை இழந்த நெவ்ஸ்கி, தொழில்நுட்பக் கல்வியைத் தொடங்கி ஓராண்டில் விடுத்துக் கீழைமொழிப் புலத்துக்கு வந்தார். 1913 கோடையில், மாணவராக இருந்தபோதே, இரண்டு மாதம் ஜப்பானில் கழித்தார். 1914இல் பட்டம் பெற்று, 1915இல் ஈராண்டு நல்கையோடு மீண்டும் சென்றார். புரட்சி வந்தது, நல்கை நின்றது. ஈராண்டு பதினான்கு ஆண்டுகளாயிற்று. 1919இல் ஒத்தாருவிலும் 1922 முதல் ஒசாக்காவிலும் ரஷ்ய மொழி கற்பித்து வாழ்ந்தார். நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியாகிய யானாகிதா குனியோவும், ஒரிகுச்சி ஷினோபுவும் அவருக்கு அணுக்கமாயினர்.

ஆசிரியரான பின்னும் அவருடைய களப்பணிக்குக் கோடை விடுமுறையே பெரிதும் துணைநின்றது. 1922, 1926, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒக்கினாவாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மியாகோ தீவுகளுக்குச் சென்றார். 1927 கோடையில் தைவானின் மலைவாழ் த்சோ மக்களிடம் சென்றார். விடுமுறை வரையறுத்த இக்காலம் ஆய்வுக்கு நன்மையும் தீமையும் செய்தது. மூதாதையரை வீட்டுக்கு அழைக்கும் போன் விழா கோடையில் வருவது; வெளியூர் சென்றோர் திரும்பும் காலமும் அதுவே. ஆனால் புத்தாண்டுச் சடங்குகளையும் குளிர்காலக் கதைசொல்லலையும் கோடையில் வருபவர் காண இயலாது. இக்குறையை நெவ்ஸ்கி கடிதங்களால் நிரப்ப முயன்றார். தோனோ பகுதியின் சசாகி கிசெனோடு அவர் நடத்திய கடிதத் தொடர்பு அதற்குச் சான்று. மியாகோ மொழியை முதலில் அவர் கற்றதும் டோக்கியோவில் பயின்றுவந்த அத்தீவு மாணவர் ஒருவரிடம்தான்.

மியாகோ வழக்கின் ஓர் ஒலிக்கூறு இங்கு விரித்துரைக்கத்தக்கது. டோக்கியோவில் ‘ஹனா’ எனப்படும் பூ, மியாகோவில் ‘பனா’. இது பழமையின் எச்சம். பண்டை ஜப்பானிய மொழியில் சொன்முதலில் நின்ற பகரம் முதலில் ஃபகரமாகத் தளர்ந்து, பின்னர் ஹகரமாயிற்று. 1603இல் நாகசாகியில் இயேசு சபையினர் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதி இடைநிலையாகிய ‘ஃபனா’வைக் காட்டுகிறது. (இச்சபையினரே அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்டவர்.) தமிழ்ப் பால், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹத்து எனத் திரிந்திருப்பதை நாமறிவோம். இவ்வொப்புமையால் உறவு எதுவும் பெறப்படாது. ஒரேவகை ஒலித்திரிபு தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்களில் தனித்தனியே நிகழக்கூடும் என்பதே பெறப்படும். மியாகோத் தீவினரின் பேச்சோ, டோக்கியோ ஹகரத்தின் பின்னே பகரம் ஒன்று மறைந்திருப்பதை இன்றும் வாயால் ஒலித்துக் காட்டுகிறது. சொல்லொப்புமை தேடுவோர் இதனை விடுத்து மேற்செல்ல இயலாது.

நெவ்ஸ்கி கேட்டபோது அப்பேச்சு நெருக்கடியில் இருந்தது. பள்ளியில் பொதுமொழி மட்டுமே பேசவேண்டும் என்னும் விதியை மீறி ஊர்மொழி பேசிய ஒக்கினாவா மாணவரின் கழுத்தில் ‘வழக்குமொழி அட்டை’ என்னும் மரப்பலகை தொங்கவிடப்பட்டது. அதனை அடுத்துப் பிழை செய்பவரின் கழுத்துக்கு மாற்றும் வரை அவர் அணிந்திருக்க வேண்டும். ஆசிரியர் தண்டிக்கும் மொழியை அயலார் ஒருவர் அமர்ந்து எழுதிக்கொள்கிறார் என்பது, தீவினருக்குத் தம் பேச்சைப் பற்றி வேறொரு மதிப்பீட்டைத் தந்திருக்கக் கூடும். யுனெஸ்கோ 2009இல் வெளியிட்ட அழிநிலை மொழிகளின் பட்டியலில் மியாகோ இடம்பெற்றுள்ளது.

அத்தீவில் அவர் திரட்டியவற்றுள் ஒரு தொன்மம் 1928இல் ‘நிலவும் இறவாமையும்’ என்னும் கட்டுரையாயிற்று. நிலவின் தெய்வம் மாந்தர்மேல் உயிர்நீரையும் பாம்பின்மேல் சாநீரையும் தெளித்து வருமாறு ஓர் ஏவலனை இரு வாளிகளுடன் அனுப்புகிறது. அவன் வழியில் இளைப்பாறுகையில் பாம்பு வந்து உயிர்நீரில் குளித்துவிடுகிறது. வேறு வழியின்றி மாந்தருக்குச் சாநீர் கிடைக்கிறது. அன்றிலிருந்து பாம்பு தோலுரித்துப் புத்துயிர் பெறுகிறது, மாந்தர் இறக்கின்றனர், தவறிழைத்தவன் வாளிகளைச் சுமந்தபடி நிலவில் நிற்கிறான். நிலவு மறுவை முயலாகக் காண்பது ஜப்பானியப் பெருநிலத்து வழக்கு. அதனினும் வேறான இக்கதையைக் கண்டறிய நூலகம் உதவியிராது.

பயணம் குற்றமானமை

நெவ்ஸ்கி 1929 இலையுதிர்காலத்தில் லெனின்கிராட் திரும்பினார். ஜப்பானிய மனைவி மந்தானி இசோவும் மகளும் 1933இல் வந்து சேர்ந்தனர். ஒசாக்காவில் தொடங்கிய தங்குத் எழுத்தாய்வை அங்கு அவர் தொடர்ந்தார். 1937 அக்டோபரில் கணவனும் மனைவியும் கைது செய்யப்பட்டனர். ஜப்பானுக்கு உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நவம்பர் 24 அன்று இருவரும் சுடப்பட்டனர். இரண்டு மாதம் கழித்து, 1938 ஜனவரி 25 அன்று, பொலிவானவ் அதே குற்றச்சாட்டின் பேரில் சுடப்பட்டார். 1929இல் மார் என்பாரின் மொழிக்கொள்கையை வெளிப்படையாக மறுத்ததால் அவர் ஏற்கெனவே நடு ஆசியாவுக்கு ஒதுங்க நேர்ந்திருந்தது. கோன்ராட் 1938இல் கைதாகி 1941இல் விடுதலை பெற்றார். யெலிசேயெவ் 1920இலேயே படகில் பின்லாந்துக்குத் தப்பி, பாரிஸ் வழியாக ஹார்வர்டு சென்று, அமெரிக்காவில் ஜப்பானியக் கல்வியை உருவாக்கியோருள் ஒருவரானார். ரோசன்பெர்க் 1919இல் இறந்துவிட்டார்.

ஸ்டாலினிய ஒடுக்குமுறைக்கு எல்லாத் துறையினரும் இரையாயினர் என்பது உண்மை. ஆயினும் மொழியைப் பேசுவோரிடமே சென்று கற்றவர்மீது பழி சுமத்துவது மிக எளிதாயிருந்தது. ஜப்பானில் வாழ்ந்தமை, ஜப்பானியரோடு கடிதப் போக்குவரத்து, ஜப்பானிய மனைவி என, களப்பணியாளரின் தகுதிகள் அனைத்தும் விசாரணையாளரின் கையில் ஆதாரங்களாயின.

நெவ்ஸ்கி 1945இல் இறந்ததாகவே நெடுங்காலம் சொல்லப்பட்டது. கலைக்களஞ்சியங்களும் அவ்வாண்டையே அச்சிட்டன. அவருடைய தங்குத் அகராதிக் கையெழுத்துப்படி ‘தங்குத் மொழிநூல்’ என 1960இல் இரு தொகுதிகளாக வெளிவந்து, 1962இல் லெனின் பரிசு பெற்றது. ஐனு வாய்மொழி இலக்கியம் 1972இலும் மியாகோ வாய்மொழி இலக்கியம் 1978இலும் அச்சேறின. பொலிவானவின் கையெழுத்துப் படிகளுள் பெரும்பகுதி கிடைக்கவில்லை. மியாகோவின் ஹிராரா நகரக் கல்விக் குழு, நெவ்ஸ்கியின் மியாகோ வழக்குக் குறிப்பேட்டினைப் படியெடுத்து 2005இல் வெளியிட்டது. அத்தீவின் தெரு ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது.