ஜின்செங் வேரின் செயற்பொருளைத் தேடி: ஓர் ஆய்வு வரலாறு

ஜின்செங் வேரில் வேலை செய்யும் பொருள் எது? வேதியியலார் இக்கேள்வியைக் கையில் எடுத்து 170 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1854இல் காரிக்ஸ் அமெரிக்க ஜின்செங்கிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குப் பனாகுவிலோன் என்று பெயரிட்டார். செயற்பொருள் வேருக்குள் ஆயத்தமாக இருக்கிறது, பிரித்தெடுப்பதுதான் பாக்கி என்பதே அன்றைய எண்ணம். பின்வந்த ஆய்வுகள் இந்த எண்ணத்தைச் சிறிது சிறிதாகக் கலைத்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய சீன மருந்து நூலான ஷென்னோங் பென்ட்சாவோ ஜிங், இவ்வேரை உயர்தர மருந்துகளின் வரிசையில் வைத்தது. 1123இல் கொரியா சென்ற சோங் அரசின் தூதர் ஷூ ஜிங், பச்சை வேரோடு ஆவியில் வேகவைத்த வேரையும் பற்றி எழுதினார். ஐரோப்பாவுக்கு இச்செடியின் நம்பகமான விவரிப்பு 1711இல் யேசு சபைத் துறவி ஜார்தூ எழுதிய கடிதம் வழியே கிடைத்தது. அவர் அதை மஞ்சூரியாவில் பார்த்திருந்தார். அதைப் படித்த இன்னொரு துறவி லாஃபித்தோ, மாண்ட்ரியால் அருகே தேடி 1716இல் அமெரிக்க இனத்தைக் கண்டார். கனடாவிலிருந்து சீனாவுக்கு வேர் கப்பலேறியது இதற்குப் பின்புதான்.

காரிக்ஸுக்குப் பின் நூறாண்டுக் காலம் தெளிவான முன்னேற்றம் குறைவு. 1950களில் விளாதிவஸ்தோக்கில் பிரெக்மான் குழு, உடலின் பொதுவான தாங்குதிறனைக் கூட்டும் பொருளாக ஜின்செங்கை முன்வைத்தது. அடாப்டோஜென் என்ற கருத்து அங்கே வளர்ந்தது. ஈர்ப்பான கருத்துதான், ஆனால் எதையும் விளக்கிவிடும் கருத்து எதையும் உறுதியாக விளக்குவதில்லை. உறுதியான அடித்தளம் டோக்கியோவில் அமைந்தது. 1960களில் ஷோஜி ஷிபாதாவும் ஒசாமு தனாகாவும் வேரின் சபோனின்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் கட்டமைப்பைத் தீர்த்தனர். இவையே ஜின்செனோசைடுகள். பெரும்பாலானவை டாமரேன் என்ற எலும்புக்கூட்டின் மீது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்தவை. ஆறாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி கூடுதலாக உண்டா இல்லையா என்பதை வைத்து அவை இரு பெரும் குடும்பங்களாகின்றன. ஆர்.ஏ., ஆர்.பி.1, ஆர்.ஜி.1 என்ற பெயர்களில் மருத்துவப் பொருள் ஏதுமில்லை. மெல்லடுக்கு வண்ணப்பிரிகைத் தகட்டில் புள்ளிகள் கீழிருந்து மேலாக நின்ற வரிசைதான் அந்த எழுத்துகள்.

இந்த இரு குடும்பங்களின் வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. 2004இல் ஷிலாதித்ய சென்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில், ஒரு குடும்பத்தின் ஆர்.ஜி.1 புதிய இரத்த நாளங்கள் உருவாவதைத் தூண்டியது, மற்றதன் ஆர்.பி.1 அதைத் தடுத்தது. இரண்டும் ஒரே வேரில் இருப்பவை. எனவே 'ஜின்செங் இரத்த நாளங்களை வளர்க்குமா' என்ற கேள்வியே பிழையானது. எந்த ஜின்செங், எந்த விகிதம் என்று கேட்டால்தான் விடை வரும்.

ஷூ ஜிங் கண்ட வேகவைத்த வேருக்கு இங்கே புதுப் பொருள் கிடைக்கிறது. ஆவியின் வெப்பத்தில் ஆர்.பி.1 போன்றவை இருபதாவது கார்பனில் உள்ள சர்க்கரைகளை இழந்து ஆர்.ஜி.3 ஆக மாறுகின்றன. பச்சை வேரில் ஆர்.ஜி.3 அரிது, சிவப்பு ஜின்செங் எனப்படும் வேகவைத்த வேரில் அது அடையாளப் பொருள். சீனாவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணை மருந்தாக விற்கப்படுவதும் இதுவே. கெடாமல் வைக்கக் கையாண்ட பக்குவம் மருந்தின் வேதியியலையே மாற்றியிருக்கிறது.

அடுத்த மாற்றம் உடலுக்குள் நடக்கிறது. நான்கு சர்க்கரைகளைச் சுமக்கும் ஆர்.பி.1, வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. பெருங்குடல் நுண்ணுயிரிகள் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றை மட்டும் விட்டு, காம்பவுண்ட் கே என்ற பொருளைத் தருகின்றன என்பதை 1990களின் ஜப்பானிய ஆய்வுகள் காட்டின. அதுதான் நன்கு உறிஞ்சப்படுகிறது. எல்லார் குடலும் இதை ஒரே அளவில் செய்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் செல்கள் மீது ஆர்.பி.1-ஐ நேரடியாக ஊற்றிப் பெற்ற முடிவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியதும் இதனால்தான்.

மனிதச் சோதனைகள் இந்தப் பின்னணியில்தான் புரிகின்றன. 2000இல் டொராண்டோவில் வுக்சான் குழு, 3 கிராம் அமெரிக்க ஜின்செங் உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை உயர்வைக் குறைப்பதாகக் கண்டது. நீரிழிவு இல்லாதவர்களுக்கோ 40 நிமிடம் முன்பே உட்கொண்டால்தான் பலன். மூன்றாண்டு கழித்து அதே குழு, ஜின்செனோசைடு குறைந்த வேறொரு தொகுதி வேரைக் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. 2013இல் டெப்ரா பார்ட்டன் தலைமையில் 364 புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையில், தினம் 2,000 மில்லிகிராம் ஜின்செங் எட்டாவது வாரத்தில் சோர்வைக் குறைத்தது. முதன்மை அளவீடாக வைத்திருந்த நான்காவது வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறிவாற்றலைக் கூட்டும் என்பதற்கோ 2010இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு உறுதியான சான்று காணவில்லை. தீங்கின் பக்கம் ஒன்று தெளிவு: 20 ஆரோக்கியமானவர்களிடம் 2004இல் நடந்த சோதனையில், அமெரிக்க ஜின்செங் வார்ஃபரின் மருந்தின் இரத்த உறைவுத் தடுப்பைக் குறைத்தது. அம்மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

இம்முடிவுகள் எந்தச் செடிக்குப் பொருந்தும் என்பதில் பெயரும் குழப்பம் தருகிறது. அமெரிக்காவில் 2002இல் வந்த சட்டம், ஜின்செங் இனங்கள் அடங்கும் பானாக்ஸ் பேரினத்தைச் சேராத எதையும் ஜின்செங் என்று விற்பதைத் தடுத்தது; வேறொரு பேரினத்துச் செடிக்கு வழங்கிய சைபீரிய ஜின்செங் என்ற பெயர் அதில்தான் அடிபட்டது. நம் சித்த மருத்துவத்தின் அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்று விற்பதும் அதே வகை. அமுக்கரா கத்தரிக் குடும்பத்துச் செடி. அதன் செயற்பொருள்களாகக் கருதப்படுபவை வித்தனோலைடுகள். ஜின்செனோசைடு சோதனைகளின் முடிவுகள் எதுவும் அதற்குப் பொருந்தா.